கிம்பல் கையில் இருந்தும் படம் ஏன் துள்ளுகிறது?

மண்டப வாசலிலிருந்து மணவறை வரை மணமக்கள் நடந்து வருகிறார்கள். அவர்களுக்கு முன்னால் வீடியோக்காரர் கிம்பலை, அதாவது கேமரா ஆடாமல் மோட்டாரால் நிலைநிறுத்தும் கைப்பிடியை, பிடித்தபடி பின்னோக்கி நடக்கிறார். வீட்டுக்குப் போய்ப் பெரிய திரையில் போட்டுப் பார்த்தால் படம் சாயவில்லை, இடவலமாக ஆடவில்லை. ஆனால் ஒவ்வோர் அடிக்கும் மேலும் கீழும் துள்ளுகிறது, படகில் உட்கார்ந்து எடுத்த மாதிரி. கிம்பல் கெட்டுவிட்டது என்று நினைத்து அதைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. கிம்பலில் கோளாறு எதுவும் இல்லை. அது செய்யவே செய்யாத ஒரு வேலையை அதனிடம் எதிர்பார்த்தோம், அவ்வளவுதான்.

கேமரா இரண்டு விதமாக அசையும். ஒன்று திரும்புதல். இருந்த இடத்திலேயே இடம் வலம் பார்ப்பது, மேலே கீழே பார்ப்பது, பக்கவாட்டில் சாய்வது எல்லாம் இதில் அடக்கம். மற்றது நகர்தல், அதாவது கேமரா முழுவதுமாக ஏறி இறங்குவது, முன்னே பின்னே போவது. மூன்று அச்சு கிம்பல் தடுப்பது திரும்புதலை மட்டும். பான் மோட்டார் இடவலத் திருப்பத்தையும், டில்ட் மோட்டார் மேல்கீழ்த் திருப்பத்தையும், ரோல் மோட்டார் சாய்வையும் பார்த்துக்கொள்ளும். நாம் நடக்கும்போது இடுப்பு ஏறத்தாழ 4, 5 செ.மீ. ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்க கிம்பலில் எந்த உறுப்பும் கிடையாது.

அப்படியானால் அதற்குக் காசு கொடுப்பானேன்? ஒரு சின்னக் கணக்கு போட்டால் புரியும். 10 மீட்டர் தள்ளி நிற்கும் கோவில் கோபுரத்தைப் படம் எடுக்கும்போது கை ஒரே ஒரு டிகிரி திரும்பிவிட்டால், கோபுரம் 17 செ.மீ. நகர்ந்தது போலப் படத்தில் தெரியும். அதே கோபுரத்தை எடுக்கும்போது கேமரா 4 செ.மீ. ஏறி இறங்கினால் 4 செ.மீ. அசைவுதான். கோபுரத்தின் உயரத்துக்கு அது கண்ணில் படாது. கை நடுக்கத்தில் படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் திரும்புதலே, அதை கிம்பல் நன்றாகவே துடைத்துவிடுகிறது. துள்ளல் பளிச்சென்று தெரிவது பக்கத்தில் இருக்கும் பொருள்களில்தான்: ஒன்றரை மீட்டர் தூரத்தில் மணப்பெண்ணின் முகம், படச் சட்டத்தின் ஓரத்தில் வாழைமரம், காலடியில் தரை. தோட்டத்துச் சாலையில் எடுத்த படம் அழகாக வந்து, மண்டபத்தில் எடுத்தது மட்டும் துள்ளுவதற்கு இதுவே காரணம்.

1970-களில் காரெட் பிரவுன் உருவாக்கிய ஸ்டெடிகேமில் மோட்டார் இல்லை. இடுப்பிலும் தோளிலும் கட்டிக்கொள்ளும் கவசம், அதிலிருந்து நீளும் ஸ்பிரிங் கை. அந்தக் கைதான் துள்ளலை விழுங்கியது. 2013-இல் ஃப்ரீஃப்ளை நிறுவனத்தின் மூவி எம்10 வந்த பிறகு மோட்டார் கிம்பல்கள் பரவின. எடை குறைந்தது, விலை இறங்கியது, ஸ்பிரிங் கை மட்டும் காணாமல் போனது. அந்த வேலை இப்போது நம் முழங்காலுக்கு வந்துவிட்டது.

உள்ளே நடப்பது சிக்கலானது அல்ல. கேமராத் தட்டுக்குப் பக்கத்தில் ஓர் உணரி இருக்கிறது. அதில் உள்ள ஜைரோஸ்கோப் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று சொல்லும். முடுக்கமானி கீழ்த்திசை எது என்று சொல்லும். கை இடப்பக்கம் திரும்பினால் மோட்டார் அதே அளவு வலப்பக்கம் திருப்பிச் சரிசெய்கிறது, ஒரு விநாடிக்குள் பல நூறு தடவை. இங்கே கவனிக்க வேண்டியது, மோட்டாரின் வேலை திருத்துவது மட்டுமே. கேமராவின் எடையைச் சுமப்பது அதன் வேலை அல்ல. எடையை நாம் கையால் சமன் செய்து கொடுத்துவிட வேண்டும்.

எதை வாங்குவது

கேமரா, லென்ஸ், பேட்டரி, என்டி ஃபில்ட்டர் (ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி), மைக் எல்லாவற்றையும் சேர்த்துச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். சோனி இசட்வி-இ10 343 கிராம். அதில் சிக்மா 18-50 மி.மீ. எஃப் 2.8 லென்ஸைப் போட்டால் இன்னொரு 290 கிராம். ஃபில்ட்டர், மைக் சேர்த்தாலும் முக்கால் கிலோவைத் தாண்டாது. இதற்கு டிஜேஐ ஆர்எஸ் 3 மினி போன்ற சிறிய கிம்பல் தாராளம். அதன் எடை 795 கிராம், தாங்கும் அளவு 2 கிலோ. சோனி ஏ7 IV கதை வேறு. உடல் 658 கிராம், 24-70 ஜிஎம் II லென்ஸ் 695 கிராம், கூட்டினால் 1.35 கிலோ. எண்ணைப் பார்த்தால் 2 கிலோவுக்குள் அடங்குகிறது. ஆனால் லென்ஸ் நீளமானது, முன்பக்கம் கனக்கும். கேமராவைப் போதுமான அளவு பின்னே தள்ளச் சிறிய கிம்பலின் தட்டில் இடம் போதாமல் போகலாம். இப்படிப்பட்ட ஜோடிக்கு 3 கிலோ தாங்கும் ஆர்எஸ் 3, ஆர்எஸ் 4 வகையே நிம்மதி. தாங்கும் அளவு என்று பெட்டியில் போட்டிருக்கும் எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்ல வழக்கம்.

பெரியதை வாங்கினால் எதற்கும் ஆகும் என்று நினைக்கத் தோன்றும். கை சொல்வதைக் கேளுங்கள். கிம்பலின் எடையும் கேமராவின் எடையும் சேர்ந்து இரண்டரை கிலோவைத் தொட்டால், மண்டபத்தில் இரண்டு மணி நேரம் பிடித்த பிறகு தோள் நடுங்கும். நடுங்கும் தோள் எந்த கிம்பலுக்கும் அடங்காது. கனமான ஜூம் லென்ஸைக் கழற்றிவிட்டு 20 மி.மீ. மாதிரி ஒரு சிறிய அகல லென்ஸைப் போடுவது, பெரிய கிம்பல் வாங்குவதைவிடப் பல நேரங்களில் மலிவான வழி.

கேமரா உடலுக்குள்ளேயே நடுக்கத் தடுப்பு இருந்தால், முதலில் கிம்பல் இல்லாமல் ஒரு விசேஷத்தை எடுத்துப் பாருங்கள். நின்ற இடத்தில் எடுப்பதற்கு அதுவே போதும். இசட்வி-இ10, ஏ6400 போன்றவற்றில் உடல் தடுப்பு கிடையாது. அவற்றை வைத்திருப்பவர்களுக்குத்தான் கிம்பலால் பலன் அதிகம்.

பழையதை வாங்குபவர்கள் மின்சாரம் இல்லாத நிலையில் மூன்று அச்சுகளையும் விரலால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது மணல் அரைப்பது போலக் கரகரத்தால் வேண்டாம். பூட்டுகள் இறுக்கமாகப் பிடிக்கின்றனவா, கேமராத் தட்டும் அதன் திருகும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தட்டு தொலைந்துவிட்டால் அந்த மாடலுக்கு உரியதைத் தேடி அலைய வேண்டிவரும். உங்கள் கேமராவையே கையோடு கொண்டுபோய், பொருத்தி, இயக்கி, பத்து நிமிடம் ஓடவிட்டு மோட்டார் சுடுகிறதா என்று தொட்டுப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். வருடத்துக்கு இரண்டு மூன்று விசேஷம்தான் என்றால் வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம்.

சமன் செய்தல்: அவசரப்படக் கூடாத இடம்

படம் எடுக்கும்போது கேமராவில் என்னென்ன இருக்குமோ அத்தனையும் முதலிலேயே மாட்டியிருக்க வேண்டும். பேட்டரி, கார்டு, ஃபில்ட்டர், ஹூட், மைக். லென்ஸ் மூடியைக் கழற்றிவிடுங்கள். திரையைத் திறந்து எடுப்பவர் திறந்து வைத்தே சமன் செய்ய வேண்டும். கிம்பலை அதன் முக்காலியில் சமமான மேசைமேல் நிறுத்துங்கள். இயக்கப் பொத்தானைத் தொட வேண்டாம். மூன்று அச்சுகளையும் பூட்டிவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்து சரிசெய்யுங்கள்.

முதலில் டில்ட் பூட்டு. லென்ஸ் நேராக முன்னே பார்க்கட்டும். முன்பக்கம் கவிழ்ந்தால் கேமராவைப் பின்னே தள்ளுங்கள், பின்பக்கம் சாய்ந்தால் முன்னே. ஒரு தடவைக்கு இரண்டு மி.மீ. போதும். கையை எடுத்ததும் அப்படியே நிற்க வேண்டும். இப்போது லென்ஸை வானத்தைப் பார்க்கத் திருப்புங்கள். கேமராவின் தலைப்பக்கம் கனத்து விழுந்தால் கேமராவைக் கீழே இறக்குங்கள், அடிப்பக்கம் விழுந்தால் மேலே ஏற்றுங்கள். இந்த இரண்டாவது படியைத்தான் புதியவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். லென்ஸ் முன்னே பார்க்கும்போது நிற்கிறதே, போதும் என்று. பிறகு படம் எடுக்கும்போது கேமராவைக் கொஞ்சம் கீழ்நோக்கியதும் மோட்டார் முனகத் தொடங்கும். சில கையேடுகளில் இந்த இரண்டு படிகளும் முன்பின்னாக இருக்கும், அதனால் பாதகமில்லை. இரண்டும் சரியானால், லென்ஸை 45 டிகிரியில் விட்டாலும் அது அங்கேயே நிற்கும். இதுதான் உண்மையான சோதனை.

அடுத்து ரோல். திறந்துவிட்டதும் கேமரா இடப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம் நகர்த்துங்கள், வலப்பக்கம் சாய்ந்தால் இடப்பக்கம். கடைசியாகப் பான். கிம்பலைத் தூக்கிப் பிடியை நன்றாகச் சரித்துப் பிடியுங்கள். கை ஊஞ்சல் போல ஒரு பக்கம் சுழன்று இறங்கினால், இறங்காமல் நிற்கும்வரை பான் கையை நகர்த்துங்கள். மேசையில் நேராக நிற்கும் கிம்பலில் பான் சமனின்மை தெரியவே தெரியாது. அதனால்தான் சரித்துப் பார்க்கச் சொல்வது.

பூட்டுகளை எல்லாம் திறந்த பிறகுதான் இயக்க வேண்டும். பூட்டிய நிலையில் இயக்கினால் மோட்டார் பூட்டோடு மல்லுக்கட்டும். இயங்கியதும் ஆட்டோ டியூன் செய்யுங்கள். அது கேமராவின் எடைக்கு ஏற்ப மோட்டார் பலத்தைத் தானே அமைத்துக்கொள்ளும். அது முடியும்வரை கை வைக்காதீர்கள். லென்ஸை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து. முதல் நாள் கால்மணி நேரம் ஆகும். பழகிவிட்டால் மூன்று நிமிடம். சரியான இடங்களில் தட்டின் ஓரம் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு வைத்தால் இன்னும் சீக்கிரம்.

ஜூம் செய்யும்போது நீளும் லென்ஸ்கள் ஒரு தொல்லை. முனை வெளியே வர வர எடை முன்னே போகும். அதிகம் பயன்படுத்தும் குவியத் தூரத்தில் வைத்துச் சமன் செய்துவிட்டு, அங்கிருந்து அதிகம் விலகாமல் எடுங்கள்.

கால்தான் ஸ்பிரிங்

கித்தா (ரப்பர்) தோட்டத்துப் பழைய ஆட்களுக்கு இந்த நடையைக் கற்றுத்தரத் தேவையில்லை. தோளில் வைக்கும் காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் வாளியைத் தொங்கவிட்டு, ஒரு சொட்டு சிந்தாமல் மேடு பள்ளத்தில் நடந்தவர்கள் அவர்கள். முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்கும். அடி சிறியது. தோள் ஒரே உயரத்தில் போகும். கிம்பலுக்கும் அதே நடைதான். குதிகால் முதலில் தரையைத் தொட்டு, பாதம் மெதுவாக உருண்டு விரல்களில் முடிய வேண்டும். பின்னோக்கி நடக்கும்போது விரல் முதலில், குதிகால் பிறகு. முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இரண்டு கையாலும் பிடியுங்கள். கையை நீட்டிப் பிடித்தால் துள்ளல் அதிகமாகும், கையும் சீக்கிரம் சோரும்.

காலுக்கு உதவ இரண்டு வழி உண்டு. ஒன்று அகல லென்ஸ். முழுச் சட்டக (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 16 முதல் 24 மி.மீ. வரை. மற்றது வேகம். விநாடிக்கு 50 சட்டம் (ஃபிரேம்) எடுத்து, தொகுக்கும்போது 25-க்குப் பரப்பினால் அசைவு பாதி வேகமாகும், துள்ளலும் மிதப்பது போல மென்மையாகிவிடும். மணமக்கள் நடந்து வரும் காட்சிக்கு இது பொருந்தும். பேச்சுக் குரல் வேண்டிய காட்சிக்கு ஆகாது.

செம்பனைத் தோட்டம் பயிற்சிக்கு வாகான இடம். மரங்கள் ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் வரிசை பிடித்து நிற்கின்றன. வரிசைக்கு இணையாகப் பக்கவாட்டில் நடந்தால் பக்கத்து மரம் வேகமாகவும் தூரத்து மரம் மெதுவாகவும் நகரும். கிம்பல் படத்துக்கு உயிர் தருவது இந்த வேக வித்தியாசம்தான். வெறும் திடலின் நடுவே நின்று எவ்வளவு வழுக்கலாக நடந்தாலும் படம் நகர்ந்ததே தெரியாது. முன்னால் ஒரு தூணோ தோரணமோ கடந்து போகட்டும்.

முறைகளில் தொடக்கத்துக்குப் பான் ஃபாலோ போதும். கை திரும்பும் பக்கம் கேமரா மெதுவாகத் திரும்பும், மேல்கீழும் சாய்வும் அசையாது. மாடிப்படி ஏறுபவரைத் தொடரப் பான்-டில்ட் ஃபாலோ. பக்கவாட்டு நடைக்கு, கேமரா ஒரே திசையைப் பார்த்தபடி நிற்கும் லாக். சாய்வையும் தொடரவிடும் எஃப்பிவி முறையைக் கல்யாண வீடியோவில் அளவோடு வைத்துக்கொள்வது நல்லது, பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். ஃபாலோ வேகம் அதிகமாக இருந்தால் கையின் சின்னத் திருப்பங்களும் படத்தில் வெட்டி வெட்டித் தெரியும். குறைத்து வையுங்கள்.

தாலி கட்டும் நேரத்தில் சுற்றிச் சுற்றி ஓட வேண்டாம். அது இரண்டாம் தடவை நடக்காது. நல்ல இடத்தில் காலூன்றி, லாக் முறையில், அசையாமல் எடுப்பதே பாதுகாப்பு.

கேமராவில் என்ன மாற்ற வேண்டும்

மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மண்டபத்து விளக்குகள் அந்தக் கணக்கில் துடிக்கும். கேமராவை 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான என்டிஎஸ்சி (NTSC) முறையில் விட்டு, 30 சட்டமும் 1/60 விநாடி ஷட்டரும் வைத்து எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஒளி ஓடலாம். 50 ஹெர்ட்ஸுக்கான பிஏஎல் (PAL) முறைக்கு மாற்றி 25 சட்டம், 1/50 என்று வையுங்கள். 50 சட்டத்துக்கு 1/100. சில எல்இடி விளக்குகளும் பெரிய எல்இடி திரையும் இந்தக் கணக்குக்கும் மசியாது, முன்கூட்டியே சோதித்துப் பாருங்கள்.

வெயிலில் 1/50-ஐக் காப்பாற்ற என்டி ஃபில்ட்டர் வேண்டும். உச்சி வெயில், ஐஎஸ்ஓ 100, எஃப் 2.8 என்றால் ஆறு ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியைப் பாதியாக்கும்) குறைக்க வேண்டும், அதாவது என்டி 64. ஃபில்ட்டர் இல்லாமல் ஷட்டரை 1/2000-க்கு ஏற்றிவிட்டால், கிம்பல் எவ்வளவு வழுக்கினாலும் நடப்பவர்களின் கைகால் வெட்டி வெட்டி அசையும்.

எலக்ட்ரானிக் நடுக்கத் தடுப்பை அணைத்துவிடுங்கள். உடல் தடுப்பை அகல லென்ஸில் அணைத்தும் போட்டும் பாருங்கள். கேமரா திரும்பும்போது மூலைகள் அகர் அகர் மாதிரி தளதளத்தால் அது தடுப்பின் வேலை. கிம்பலும் உடல் தடுப்பும் ஒரே அசைவை ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. ஆட்டோ ஃபோகஸ் தொடர் முறையில், முகத்தைப் பற்றும்படி இருக்கட்டும். எஃப் 1.4-இல் நடந்துகொண்டே எடுத்தால் ஃபோகஸ் தப்பிக்கொண்டே இருக்கும். எஃப் 4 பக்கம் வாருங்கள்.

தவறும் இடங்கள்

மோட்டார் ரீங்காரமிட்டுப் படம் பொடிப்பொடியாக நடுங்கினால் முதலில் தட்டின் திருகைப் பாருங்கள், தளர்ந்திருக்கும். இறுக்கியும் நிற்கவில்லை என்றால் மோட்டார் பலம் அதிகம், குறைக்க வேண்டும். மாறாகக் கேமரா சோம்பலாகத் தலை தொங்கினால், பேட்டரி வழக்கத்தைவிட வேகமாகத் தீர்ந்தால், சமன் சரியில்லை. பலத்தை ஏற்றி இதை மறைக்காதீர்கள். நீளமான லென்ஸ் மட்டும் நடுங்கினால் அதற்கு அடியில் தாங்கி வைக்க வேண்டும்.

தொடுவானம் மெல்லச் சாய்ந்துகொண்டே போவது இன்னொரு புகார். அசையாத மேசைமேல் வைத்து ஜைரோ அளவீட்டைப் புதுப்பித்தால் பெரும்பாலும் தீரும். காரிலிருந்து எடுக்கும்போது வளைவுகளில் மட்டும் சாய்ந்தால் அது பழுதல்ல. வளைவில் நம்மை வெளிப்பக்கம் தள்ளுவதாக உணர்கிறோமே, அதையே முடுக்கமானியும் உணர்ந்து, கீழ்த்திசை எது என்று குழம்பிவிடுகிறது.

தண்ணீர் இதற்கு ஆகாது. தீமிதியில் மஞ்சள் தண்ணீர் தெறிக்கும் தூரத்தில் நிற்காதீர்கள். பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் மதியத்துக்கு மேல் மழை சொல்லிக்கொண்டு வராது. பையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் உறை எப்போதும் இருக்கட்டும். குளிர்சாதன மண்டபத்திலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படியும். ஊர்வலம் கிளம்பக் கால்மணி நேரம் முன்பே கேமராவை வெளிச்சூட்டுக்குப் பழக்கிவிடுங்கள். வீட்டில் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம் உள்ள டிரை பாக்ஸில் கேமராவையும் லென்ஸையும் வையுங்கள்.

முதல் விசேஷத்துக்கு முன் ஒரு மாலை ஒதுக்கி இதைச் செய்து பாருங்கள். வீட்டு வேலியை ஒட்டிப் பத்து அடி நடந்து எடுங்கள், வேலி சட்டத்துக்குள் பெரிதாகத் தெரியும்படி. அதே பத்து அடியைத் தெருமுனையிலிருக்கும் மரத்தைப் பார்த்தபடி எடுங்கள். பிறகு முழங்காலை மடக்கி இரண்டையும் மறுபடி எடுங்கள். நான்கையும் தொலைக்காட்சியில் அடுத்தடுத்து ஓடவிடுங்கள். கேமராத் திரையில் பார்த்தால் துள்ளல் தெரியாது.